பங்களாவும் நாற்பது ஏக்கரும் விற்பனைக்கு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் காணி விளம்பரப் பக்கத்தை நம்மில் யாரும் படிப்பதில்லை. மரண அறிவித்தலைப் பார்ப்போம், கல்யாணப் பக்கத்தைப் பார்ப்போம், மடித்து வைத்துவிடுவோம். காணி வாங்குகிறவன்தானே அதைப் படிக்க வேண்டும் என்ற நினைப்பு. ஆனால் கொஞ்சக் காலமாக நமது விஷயம் அச்சாகிக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தில்தான். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம் விற்பனைக்கு, மாத்தளைப் பக்கம் ஒன்று, கண்டிக்கு மேலே ஒன்று. முப்பது நாற்பது ஏக்கர் தேயிலை, சிலவேளை மிளகும் கிராம்பும் சேர்த்து. நடுவில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. ஐந்தாறு படுக்கை அறை, பலகைத் தரை, குளிர்காய நெருப்படுப்பு, புல்வெளி, வற்றாத ஊற்று, வாசல்வரை கார் போகும் பாதை, மூன்று பக்கமும் மலைக்காட்சி. ஹோட்டலுக்கு உகந்தது என்று ஒரு வரி, உறுதி சுத்தமானது என்று இன்னொரு வரி.

லயத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. சில விளம்பரங்களில் தொழிலாளர் உண்டு என்று போட்டிருப்பார்கள். அதுவும் மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு என்ற வரிசையில் மூன்றாவதாக. பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில்தான் லயத்தைக் கட்டினார்கள். விளம்பரம் எழுதுகிறவனுக்கும் அது தெரிவதில்லை.

இந்த மாதம் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சிறு தோட்டங்களிலிருந்து நமது மாவட்டக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் சம்பளம், பேர் போடுவது, அரைப்பேர் என்றுதான் வருவார்கள். இப்போது, தோட்டத்தை வித்துட்டாங்களாமே, நாங்க என்ன செய்றது என்று கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து இரண்டு வாகனத்தில் ஆட்கள் வந்து பங்களாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே லயத்தில் அடுப்பு எரிவதில்லை. பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் பாதி, விஷயம் தெரியாததால் வருவது. அந்தப் பாதியையாவது இறக்கி வைக்கலாம்.

தோட்டம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு எல்லை போட்டது. வயல் என்றால் 25 ஏக்கர், மற்றக் காணி என்றால் 50 ஏக்கர். 1975-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. எடுத்த தோட்டங்கள் ஜனவசமவுக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992-இல் அவற்றில் பெரும்பகுதியின் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். அந்தக் கம்பனிகளின் குத்தகை 53 வருடத்துக்கு, 2045-இல் முடிகிறது. ஆகவே கம்பனித் தோட்டத்தில் இருக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மண் கம்பனியுடையது அல்ல, அரசினுடையது. கம்பனியின் பங்குகள் கைமாறலாம், பெயர்ப்பலகை மாறலாம், துரை மாறலாம், ஒரு பங்களாவை ஹோட்டல்காரனுக்கு உள்வாடகைக்கு விடலாம். தோட்டத்தையே விற்றுவிட்டார்கள் என்று யாராவது வந்து சொன்னால், எந்த உறுதியில் விற்றார்கள் என்று கேளுங்கள். பதில் வராது.

விளம்பரத்தில் வருவது வேறு வகை. 1972-இல் எல்லை போட்டபோது, தமக்கு எந்த 50 ஏக்கர் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் கொடுத்தது. யார்தான் கல்லு மலையைக் கேட்பார்கள்? பங்களா நிற்கும் துண்டு, நல்ல தேயிலை நிற்கும் துண்டு, ஊற்று இருக்கும் துண்டு. இன்று முப்பது, நாற்பது, ஐம்பது ஏக்கர் என்று விற்பனைக்கு வருவதில் பல அன்று அப்படி எஞ்சியவை, அல்லது அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தவை. இவை தனியார் காணி. இவற்றை விற்கலாம், ஈடு வைக்கலாம், பிரித்து எழுதலாம். அன்று கோடு போட்டபோது லயம் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து விதிதான் அங்கிருந்தவர்களுக்கு. ஒரே கங்காணியின் பேரப்பிள்ளைகளில் ஒரு வீடு அரசத் தோட்டத்துக்குள்ளும், ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அண்ணன் வீடு தனியார் தோட்டத்துக்குள்ளும் இருப்பதை நாம் பார்க்கிறோம். தம்பிக்கு வீட்டுத்திட்டத்தில் பெயர் வருகிறது. அண்ணனுக்கு வருவதில்லை.

வெளிநாட்டுக்காரன் வாங்கிவிடுவானா என்றும் கேட்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரோ, பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவர் பங்கு வைத்திருக்கும் கம்பனியோ இங்கே இப்படிப்பட்ட காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. நீண்ட குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம்வரை. ஆனால் வாங்க வருகிறவர்களில் நாம் பார்ப்பது கொழும்பு வியாபாரிகளும், டொக்டர்மாரும், சட்டத்தரணிகளும், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்தவர்களும்தான். சிங்களவர் உண்டு, தமிழர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. தமிழ் முதலாளி வந்தால் நமக்கு நல்லது என்று ஒரு தோட்டத்தில் தேங்காய் உடைத்தார்கள். மூன்று மாதத்தில் கொழுந்து மலையை மூடிக் காடாக விட்டது அந்தத் தமிழ் முதலாளிதான். அவருக்கு வேண்டியிருந்தது காட்சி, கொழுந்து அல்ல.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் படிப்பிக்கிற ஆளுக்கு இது ஒரு வியாதி என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். நாற்பது ஏக்கர் என்றால் 6,400 பேர்ச்சஸ். பங்களாவும் புல்வெளியும் பூந்தோட்டமும் வாகனம் திருப்பும் இடமும் சேர்த்து இரண்டு ஏக்கர் என்று வைப்போம், 320 பேர்ச்சஸ். மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டக் காணி என்று நாம் பல வருடம் கேட்டு, போராடி, கடைசியில் பேசி முடித்த அளவு 7 பேர்ச்சஸ். பங்களாவின் முற்றத்தை மட்டும் ஏழால் பிரித்தால் 45 குடும்பம். பங்களாவை இடித்துப் பங்கு போடச் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்து லயத்தில் 18 குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 7 பேர்ச்சஸ் என்றால் மொத்தம் 126. ஓர் ஏக்கர்கூட முழுசாக வரவில்லை. பத்துப் பேர்ச்சஸ் என்று கேட்டாலும் 180, அதாவது ஓர் ஏக்கரும் இருபது பேர்ச்சஸும். நாற்பது ஏக்கரை விற்கிறவர் அந்த ஓர் ஏக்கரை ஒதுக்கி எழுதிவிட்டு மீதி முப்பத்தொன்பதை விற்றால் அவருடைய விலையில் என்ன பெரிய ஓட்டை விழும்? வாங்குகிறவருக்கும் வழக்கில்லாத காணி கிடைக்கும். இதைத்தான் சங்கம் கேட்கிறது. இதைவிடக் குறைவாகக் கேட்க நமக்குத் தெரியவில்லை.

அந்த விலையில் நமது பங்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. வளர்ந்த தேயிலை என்று விளம்பரம் சொல்கிறது. தேயிலை தானாக வளர்ந்ததா? 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். பத்தொன்பது ஏக்கரில் டெய்லர் ஒருவரே குழி வெட்டினாரா என்று ஒரு பிள்ளை கேட்டது. பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மதிப்பீட்டாளர் வரும்போது நிழல் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி விலை போடுகிறார். மண் கரையாமல் பிடித்து நிற்கும் கல் அணைகளும், வெட்டிய கானும், கார் போகும் அந்தப் பாதையும் எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நமது ஆட்கள் நடந்து போனார்களே, அந்த இருநூறு வருடம்தான் வளர்ந்த தேயிலை என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

தோட்டம் கைமாறும்போது தொழிலாளரை எழுப்புவது புதிய வழக்கமல்ல. 1946-இல் கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு எடுத்து, அங்கிருந்த நமது மக்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் கொடுத்தது. அதை எதிர்த்துத் தோட்டம் தோட்டமாக வேலை நிறுத்தம் நடந்தது. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தபோது டெவன் தோட்டத்தில் மக்கள் குறுக்கே நின்றார்கள். பொலிஸ் சூட்டில் சிவனு லெட்சுமணன் விழுந்தார். அந்தக் காணி கைமாறவில்லை. அன்று எதிரே நின்றது அரசு. ஊர்வலம் போக ஓர் இடம் இருந்தது, கோஷம் போட ஒரு பெயர் இருந்தது. இன்று ஒரு நொத்தாரிசு காரியாலயத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையெழுத்தில் காரியம் முடிகிறது. லயத்துக்குத் தெரிய ஆறு மாதம் ஆகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நமது சட்டப் பாதுகாப்புகளில் பெரியவை இரண்டு, 15 என்ற எண்ணில் தொங்குகின்றன. ஒன்று 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம். அதன்படி தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வேலையை நிறுத்த முடியாது. தோட்டத்தை மூடுகிறோம் என்பதும் விற்றுவிட்டோம் என்பதும் அந்த அனுமதிக்கு ஈடாகாது. ஆனால் அதற்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மற்றது 1983-ஆம் ஆண்டின் சேவைக்காலப் பணச் சட்டம். ஐந்து வருடம் முடித்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால், வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அதிலும் முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேர் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

விற்க நினைக்கும் முதலாளிக்கு இந்த எண் நன்றாகத் தெரியும். அதனால்தான் விற்பனைக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே செக்ரோல் மெலிய ஆரம்பிக்கிறது. ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு ஆள் பதிவதில்லை. மகள் அம்மாவின் நிரையில் நின்று கொழுந்து எடுப்பாள், பெயர் இருக்காது. ஆண்களுக்குக் கவ்வாத்தைக் கொந்தரப்புக்குக் கொடுப்பார்கள். மீதிப் பேருக்குக் கைக்காசு. கைக்காசில் அன்றன்றைக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று நமது ஆட்களும் சந்தோஷமாகப் போகிறார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் 30 பேர் நிற்பார்கள், செக்ரோலில் 11 பேர் இருப்பார்கள். பங்களாவில் இருபது வருடம் சமையலும் தோட்ட வேலையும் பார்த்தவருக்குப் பெயரே இல்லை. அவர் துரையின் ஆள் என்ற மரியாதை மட்டும் உண்டு. அந்த மரியாதையைக் கொண்டுபோய் எந்தக் காரியாலயத்தில் கொடுத்துக் காசு வாங்குவது?

நட்டம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 22 வருடம் வேலை செய்த ஓர் அக்கா, ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வைப்போம். 14 நாளுக்கு 18,900 ரூபா. 22 வருடத்துக்கு 4,15,800 ரூபா. தோட்டம் விற்பனையாகிறது. பழைய முதலாளி கணக்கு முடிக்காமல் போகிறார். புதியவர், நான் வந்த நாளிலிருந்துதான் உங்கள் சேவை என்கிறார். நான்கு வருடத்தில் அக்காவுக்கு ஓய்வு வயது வருகிறது. ஐந்து வருடம் முடியவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கிறார். 26 வருட உழைப்புக்குக் கிடைத்தது ஒரு சேலையும் ஒரு பிஸ்கட் பெட்டியும். இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. விற்கிறவர் கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவர் பழைய சேவைக்காலத்தையும் சேர்த்து ஏற்கிறேன் என்று எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். தேர்த் திருவிழாவுக்குத் தருகிறேன் என்ற ஐம்பதாயிரமும் வேண்டாம்.

ஆள் 15-க்குக் குறைந்தால் எல்லாம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஈ.பி.எப். பணத்துக்கு 15 என்ற எண் கிடையாது. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்டத்தான் வேண்டும், ஈ.ரி.எப். 3 வீதம் தனியாக. சேவைக்காலப் பணச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களும் தொழில் நியாயசபைக்குப் போய் அதைக் கேட்கலாம். ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். லயத்துக்கு விஷயம் தெரியவே ஆறு மாதம் ஆகிறது என்று மேலே சொன்னோம். அதன் ஆபத்து இதுதான். பேசிப் பார்ப்போம், அய்யா நல்லவர், பொங்கல் முடியட்டும் என்று நாளைக் கடத்தினால் கதவு சாத்திவிடும்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு வார்த்தை. தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இருந்தால் ஆணையாளரின் அனுமதி தேவையில்லை என்று சட்டம் சொல்வதால், விற்பனை நெருங்கும்போது ஒரு தாள் வரும். சிங்களத்தில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்க, பேர் பதிய, லயத்துக்குத் தகரம் போட என்று காரணம் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போடுகிறோம் என்று சொல்லுங்கள். ஒரு பிரதி கேளுங்கள். நேர்மையான தாள் ஒரு நாள் காத்திருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் போனில் படம் எடுத்துக் காரியாலயத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகள் அதை நம்மைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் உடைக்க வேண்டியிருக்கிறது. பத்து வருடம் ஓர் இடத்தில் இருந்தால் காணி நமக்குச் சொந்தம் என்று பல லயங்களில் பேச்சு. ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடம் என்று இருப்பது உண்மை. ஆனால் அது உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக, எனது காணி என்று வைத்திருந்தவருக்கு. வேலைக்காரராக, முதலாளி கொடுத்த காம்பராவில் இருந்தவருக்கு அந்தச் சட்டம் உதவுவது மிகக் கஷ்டம். நான்கு தலைமுறை இருந்தாலும் கஷ்டம். அரச காணிக்கு எதிராக அது செல்லவே செல்லாது. தோட்டம் தோட்டமாகப் போய் ஆயிரம் ரூபா வாங்கிக்கொண்டு உறுதி எடுத்துத் தருகிறேன் என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதே நேரம், உறுதி இல்லை என்பதால் யாரும் வந்து சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது. ஒரு குடும்பத்தை இருக்கும் வீட்டிலிருந்து எழுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டும். முதலாளியின் கடிதமோ, வோச்சரின் அதட்டலோ, மின்சாரத்தை வெட்டுவதோ கட்டளை ஆகாது.

அப்படியென்றால் கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? நமது இருப்புக்குச் சாட்சி. வாக்காளர் இடாப்பில் பெயர், கிராம உத்தியோகத்தரின் பதிவு, பிறப்புச் சான்றிதழில் உள்ள தோட்டப் பெயர், பழைய செக்ரோல் துண்டுகள், ஈ.பி.எப். கூற்று. இவற்றோடு பலருக்குத் தோன்றாத ஒன்றும் இருக்கிறது. பாடசாலையின் சேர்வு இடாப்பு. ஒவ்வொரு பிள்ளையும் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளில் தகப்பன் பெயரும் தோட்டமும் டிவிசனும் அதில் எழுதப்படுகிறது. சில தோட்டப் பாடசாலைகளில் அறுபது, எழுபது வருடத்து இடாப்பு அலுமாரிக்குள் கிடக்கிறது. கரையான் அரித்தது போக மீதி. முதலாளியிடம் இருக்கும் எந்தக் கணக்குப் புத்தகத்தைவிடவும் அது நம்பகமானது, ஏனென்றால் எழுதியவருக்கு அதில் இலாபம் எதுவும் இல்லை. அதிபரிடம் முறைப்படி எழுதிக் கேட்டால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதிபர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய இடாப்பைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்பதற்கு முதல் அடையாளம் விளம்பரம் அல்ல, நில அளவையாளர். மூன்று கால் கருவியோடு வந்து நிற்பார். அவரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவது நமது பழக்கம். இனிமேல் வெளியே வர வேண்டும். மரியாதையாகப் பேசி, இது லயம், இது நாங்கள் பாவிக்கும் பாதை, இது பீலிக்கரை, இது கோயில், இது காமன் பொட்டல், இது பிள்ளைக் காம்பரா, இதையெல்லாம் பிளானில் குறியுங்கள் என்று கேட்க வேண்டும். பழைய பிளான்களில் கூலி லயன் என்றாவது ஒரு சிறு கட்டம் போட்டிருப்பார்கள். புதிய பிளான்களில் சிலவற்றில் அந்தக் கட்டமும் இல்லை. இன்னொன்றையும் காட்டுங்கள், சுடுகாட்டை. தேயிலை இல்லாத வெற்றுக்காணி என்று ஒரு பிளானில் போட்டிருந்த இடத்தில் மூன்று தலைமுறையைப் புதைத்திருந்தார்கள். அங்கே நீச்சல் தடாகம் வெட்டுவதாக இருந்தது. தலைவரும் மாதர் சங்கத்து அம்மாக்களும் போய்ப் பேசினார்கள். வாங்க வந்தவருக்கே அது தெரியாது. தெரிந்ததும் தடாகத்தின் இடத்தை மாற்றிவிட்டார். எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. சொல்லாததால் போன விஷயங்களும் உண்டு.

தண்ணீரும் பாதையும்தான் விற்பனைக்குப் பிறகு வரும் முதல் சண்டை. பங்களாவை மேட்டில், பாறை அடித்தளத்தில், ஊற்றுக்குக் கிட்ட வைத்தார்கள். லயத்தைச் சரிவிலும் பள்ளத்திலும் வைத்தார்கள். அந்த வேறுபாடு எதுவரை போகும் என்பதை 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது நாடே பார்த்தது. தனியார் தோட்டத்துச் சரிவு லயங்களை யாரும் வந்து பார்ப்பதுமில்லை. பங்களா விடுதியானால் பத்துக் குளியலறைக்கும் தடாகத்துக்கும் அதே ஊற்று. மாலை நாலு மணிக்கு மலையால் இறங்கி வரும் பெண்கள் பீலியில் சொட்டுத் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார்கள். பாதைக்கு இரும்புக் கேற் வரும். நான் படிப்பிக்கும் பக்கத்தில் ஒரு கேற் போட்டதிலிருந்து பதினாறு பிள்ளைகள் ஓடையைச் சுற்றி வருகிறார்கள். மழைக்காலத்தில் அவர்களுடைய வரவு இடாப்பில் சிவப்புப் புள்ளி கூடிக்கொண்டே போகிறது. கேற் போட்டவருக்கு அது ஒரு பூட்டு. எட்டாம் வகுப்பில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு அதோடு நின்றது.

ஹோட்டல் வரக்கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996-இல் ஹோட்டலாகியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் சில 2005-இலிருந்து விருந்தினர் விடுதிகளாக நடக்கின்றன. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் பங்களாவில் இன்று துறவிகள் இருக்கிறார்கள். ஜாமும் கோடியலும் செய்து விற்கிறார்கள். கட்டடங்கள் கைமாறத்தான் செய்யும். கொழுந்துக்கு விலை இல்லாத காலத்தில் விருந்தினரை நம்பியாவது ஓர் இடம் நடக்கட்டும். ஆனால் நமது பிள்ளைகளுக்கு அங்கே எந்த வேலை? புல் வெட்டுவது, சீலை துவைப்பது, வருகிறவர்களுக்குக் கூடை மாட்டிப் படத்துக்கு நிற்பது. உயர்தரம் சித்தி பெற்று, மூன்று மொழியும் பேசுகிற பிள்ளை லயத்தில் இருக்க, வரவேற்பு மேசைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம், பயிற்சிக் காலத்திலும் ஈ.பி.எப்., இவை விற்பனைப் பேச்சு நடக்கும்போதே கேட்க வேண்டியவை. ரிப்பன் வெட்டிய பிறகு கேட்டால் யார் காதிலும் விழாது.

அரசாங்கத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை பெரியதல்ல. தேயிலைத் தோட்டம் துண்டாடப்படாமல் இருக்க 1958-இலேயே இந்த நாட்டில் சட்டம் செய்தார்கள். செடிக்கு இருந்த கவலை அது. ஆள் குடியிருக்கும் தோட்டம் ஒன்றின் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படுமுன், தொழில் திணைக்களத்திடமிருந்து ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். சேவைக்காலப் பணமும் ஈ.பி.எப். நிலுவையும் தீர்ந்தனவா, லயக் குடும்பங்களின் காணி ஒதுக்கப்பட்டதா, பாதையும் தண்ணீரும் பிளானில் இருக்கின்றனவா என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்கட்டும். வங்கிக் கடனில் கிடக்கும் காணியை வங்கிக்குத் தெரியாமல் விற்க முடியாதே. அந்த வங்கிக்கு இருக்கும் மதிப்பில் கொஞ்சம் லயத்துக்கும் கிடைக்கட்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். 7 பேர்ச்சஸ் போதுமா 10 வேண்டுமா என்று மேடையில் சண்டை பிடிக்கிறவர்கள், ஒரு பேர்ச்சஸும் கிடைக்காத தனியார் தோட்டத்து மக்களுக்காக இந்த ஒரு விதியைக் கொண்டுவரட்டும். அவர்களுக்கும் வாக்கு இருக்கிறது.

வருகிற மாதத்தில் நமது மாவட்டக் காரியாலயம் ஒரு பதிவேடு திறக்கிறது. 50 ஏக்கருக்குக் குறைந்த தனியார் தோட்டங்கள் எல்லாவற்றின் பெயரும், லயக் குடும்பங்களின் தொகையும், செக்ரோலில் உள்ள பேரும், பெயர் இல்லாமல் வேலை செய்கிறவர்களின் தொகையும் அதில் எழுதப்படும். சந்தா வெட்டப்படுகிறதா இல்லையா என்று பார்க்க மாட்டோம், எந்தச் சங்கம் என்றும் கேட்க மாட்டோம். பக்கத்துத் தோட்டத்துத் தலைவர்மார் ஒரு ஞாயிறு நடந்துபோய் விபரம் எடுத்து வாருங்கள். அளவைக் கருவியைக் கண்டால் அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். பத்திரிகையில் விளம்பரம் கண்டால் வெட்டி, திகதியை ஓரத்தில் எழுதி, காரியாலயத்தில் கொடுங்கள். அடுத்த இதழில் இதற்கென்று அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்: விளம்பரத்தை ஒரு பக்கமும், அதில் எழுதாமல் விட்ட குடும்பங்களின் தொகையை மறு பக்கமும் போடுவோம்.